ஐலீன் போட்ட நிதித் திட்டம்

சிகாமட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் அந்தப் பல்கலைக்கழகம் எழும்பியபோது, ஐலீன் கோலாலம்பூர் வேலையை விட்டுச் சொந்த ஊருக்கே வந்துவிட்டாள். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கிளை அது. நிலமும் ஆண்டு மானியமும் நம் அரசாங்கம் கொடுத்தது. பெயரும் பட்டமும் அங்கிருந்து வந்தன. நிதிப் பிரிவு ஐலீனின் பொறுப்பு.

ஊரில் அதை வெள்ளைக்காரன் யூனி என்றார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் தாய்மார்கள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். “இங்கயே தாதிப் படிப்பு இருக்குன்னா வெளியூருக்கு ஏன் அனுப்பணும்? நீங்க இருக்கீங்க, அது போதும் லா.” அப்படி அவளை நம்பிச் சேர்ந்தவர்களில் லோஷினியும் ஒருத்தி. தகப்பனார் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர்.

ஆட்சி மாறியது. மானியம் பாதியாகக் குறைந்தது. ஆனால் பெயருக்காக இங்கிலாந்துக்குக் கட்டும் தொகை குறையவில்லை. ஐலீன் புதிய திட்டம் போட்டாள். அந்தத் தொகையைக் கொஞ்ச காலம் தள்ளிவைத்தால், படித்துக்கொண்டிருக்கும் தாதி மாணவிகள் முடித்துவிடலாம். அதைக் காட்ட அந்தப் படிப்பின் செலவைத் தனியாகப் பிரித்து எழுதினாள்.

இயக்குநர் ராஜசேகரன் படித்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு ஐலீன். அவங்க ஒத்துக்கணுமே.”

கூட்டம் திரை வழியாக நடந்தது. தலைமைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் வந்த இங்கிலாந்துக்காரர் மரியாதையாகவே பேசினார். ஒப்பந்தத்தில் உள்ள கட்டணத்தைத் தொட முடியாது என்றார். நம் அரசாங்க அதிகாரி, அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார். பிறகு இங்கிலாந்துக்காரர் ஐலீன் பிரித்து எழுதியிருந்த பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

“அதிகம் செலவாவது இந்தப் படிப்புக்குத்தானே?”

எல்லாரும் ஐலீனைப் பார்த்தார்கள். ஆமாம் என்பதைத் தவிர அவளால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. தாதிப் படிப்பை மூடுவதென்று அங்கேயே முடிவானது.

மறுவாரம் லோஷினி அவள் அறைக்கு வந்தாள். “மேடம், வேற காலேஜுல கேட்டேன். முதல் வருஷத்துல இருந்து படிக்கணுமாம். அப்பா போதும்னுட்டாரு.”

“நான் அப்பாகிட்ட பேசட்டுமா?”

“பேசி என்ன மேடம் சொல்வீங்க?”

 லோஷினி மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அதையும் வேறு யாரோ சொல்லித்தான் ஐலீன் தெரிந்துகொண்டாள்.

கணவர் எல்வின் ஆறுதல் சொன்னார். “நீ காப்பாத்தத்தானே எழுதுன?”

“எழுதாம இருந்திருந்தா எதை மூடுறதுன்னு தேட அவங்களுக்கு நாளாயிருக்கும். அதுக்குள்ள அந்தப் பிள்ளைங்க பரீட்சை எழுதி முடிச்சிருக்கும்” என்றாள்.

அடுத்த பட்ஜெட்டில் மானியம் அடியோடு நின்றது. கணக்கு வேலையை இங்கிலாந்திலிருந்தே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நிதிப் பிரிவையும் கலைத்தார்கள். இப்போது ஐலீன் ஆயர் ஈத்தாமில் மண்பாண்டக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். மிச்சமிருக்கும் மாணவர்களுக்காக அந்த அரசாங்க அதிகாரியை ஒருமுறை போனில் கூப்பிட்டாள். அவர் வேறு இலாகாவுக்கு மாறிப்போயிருந்தார். எடுத்தவருக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்றே தெரியவில்லை.