கடைசிப் பாயில் உறங்கியவர்கள்

ரங்கூனில் ஒரு துரை வீட்டில் ஆறு வருடம் ஆயாவாக இருந்துவிட்டு, 1899இல் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அந்தக் குடும்பத்தோடு சுற்றியதில் பல ஊர்க் கிறிஸ்தவக் கோயில்களைப் பார்த்திருக்கிறேன். ஆராதனை நடக்கும்போதே பாய் விரித்துப் படுத்தவர்களை இங்கேதான் முதலில் கண்டேன்.

தகரக் கூரை போட்ட சிறிய கோயில். பின்வரிசையில் பதினொரு ஆண்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வாலிபர் சிலர் போய், அவர்களுடைய கால் கட்டைவிரலை மெல்ல அழுத்தினார்கள். பதினொரு பேரும் எழுந்து உட்கார்ந்து உரக்கப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் படுத்துவிட்டார்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் வாலிபர் சங்கத் தலைவன் நேசமணியைப் பிடித்தேன்.

"நைட் ஷிப்டு, அக்கா. காலையில சொரங்கத்துலேர்ந்து கேஜுல மேல ஏறி நேரா இங்க வந்துர்றாங்க. வூட்டுக்குப் போனா படுத்துருவாங்க."

"இங்கயும் தூங்கத்தானே செய்றாங்க?"

"பாட்டுக்கு எழுந்துக்கறாங்க இல்ல? உங்க ரங்கூன்ல முழிச்சிக்கினு இருந்தவங்க எல்லாம் பாடினாங்களா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். காலை ஏன் தொடுகிறீர்கள் என்று கேட்டேன். "தோளத் தொடக்கூடாதுன்னு ஏனோக் அண்ணன் சொல்லிக்கீறாரு" என்றான்.

ஏனோக்தான் பாட்டு எடுத்துக் கொடுப்பவர். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாகச் சுரங்கத்தில் பாறை துளைக்கிறார். எழுத்து தெரியாது. மனைவி சாரா படித்துச் சொல்லச் சொல்ல, நூறு கீர்த்தனைகளுக்குமேல் மனப்பாடம் செய்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் மேஸ்திரியின் அதட்டலுக்குக் குனிகிற மனிதர் ஞாயிற்றுக்கிழமை ஒரு வரி பாடினால், நூறு பேர் அதைத் திருப்பிப் பாடினார்கள்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. வேலூரிலிருந்து மாற்றலாகி வந்த உபதேசியார் வால்டருக்கு இந்த உறக்கம் பொறுக்கவில்லை. "அடுத்த ஞாயிறு ஒருவன் படுத்தாலும், பாட்டு உம்முடைய கையில் இராது" என்று ஏனோக்கிடம் சொல்லிவிட்டார்.

அன்று மாலை வாலிபர்கள் ஏனோக்கின் வீட்டு வாசலில் கூடினார்கள். நானும் போனேன்.

"முழிச்சிக்கினு இருக்கற ரெண்டு பேருக்கு நடுவுல ஒருத்தர சொருகி வெச்சிரலாம்ணா" என்றான் நேசமணி.

"மூட்டையாடா அவங்க?" என்றார் ஏனோக்.

"அப்ப ஒரு வாரம் வர வேணாம்னு சொல்லு" என்றாள் சாரா.

"அத நான் எப்பிடிச் சொல்றது? நீ சொல்லுவியா?"

சாரா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பதினொரு பேரும் வந்தார்கள். முதல் பாட்டுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பிரசங்கம் தொடங்கியதும் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். உபதேசியார் பாதியில் நிறுத்தினார்.

"ஏனோக், இன்றோடு முடிந்தது" என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று பின்னால் போய், ஓரத்தில் உறங்கிய முனியப்பனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஐயா, தோளத் தொடாதீங்க!" என்று நேசமணி கத்தியது எட்டவில்லை.

முனியப்பன் கண்ணைத் திறக்காமலே எழுந்தான். உபதேசியாரை இடுப்போடு சேர்த்துத் தூக்கிச் சுவரோரம் தள்ளி, அவர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். "கல்லு! கல்லு!" என்று அலறினான். மற்றப் பத்துப் பேரும் கைக்குக் கிடைத்தவர்களை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். நேசமணியும் ஒருவரின் கக்கத்தில் மாட்டியிருந்தான்.

கல் எதுவும் விழவில்லை. முனியப்பன் கீழே பார்த்தான். கறுப்புக் கோட்டு தெரிந்தது.

"ஐயையோ! ஐயா, அடி பட்டுச்சா?"

உபதேசியார் எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார். "என்னை எதற்காக இழுத்தான்?"

ஏனோக் முன்னாலிருந்தே பதில் சொன்னார்: "கீழ சொரங்கத்துல கல்லு விழறப்போ தோளப் புடிச்சுத்தான் உலுக்குவோம், ஐயா. உலுக்கினதும் பக்கத்துல கீறவனையும் இழுத்துக்கினு செவுத்தாண்ட போயிடணும். அது யாருன்னு அவனுக்குத் தெரியாது. நீங்க பக்கத்துல இருந்தீங்க."

உபதேசியார் முனியப்பனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பிரசங்கத்துக்குத் திரும்பவில்லை.

"ஏனோக்" என்றார். "பாட்டை எடும்."

ஏனோக் பதற்றத்தில் சுருதியை ஏற்றி எடுத்துவிட்டார். மூன்றாம் வரியில் ஆண்களின் குரல் கிறீச்சிட்டது. உபதேசியார் பின்வரிசையிலேயே நின்று, எட்டாத அந்த வரியை அவர்களோடு சேர்ந்து பாடினார்.