அரக்கு நிறத்தில் ஒரு ஃபிரேம்

என் வீட்டுக்காரர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே சாயப்பட்டறை. முக்கியெடுத்த நூலைத் தண்ணீர் வடியும் முன்பே பைக்கில் கட்டி, உலர்த்துகிற இடத்துக்குக் கொண்டுபோவார். "சொட்டு நிக்கட்டும், அப்புறம் எடுத்துனு போங்க" என்று தொண்டை கிழியக் கத்துவேன். கேட்டால்தானே! சொட்டிய ஈரத்தில் பைக் ஃபிரேமைத் துரு தின்றுவிட்டது.

உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருக்க வேண்டி வந்ததும், சும்மா உட்காரத் தெரியாத மனுஷன் பைக்கைக் கழற்றிப் போட்டார். ஃபிரேமுக்குப் புதுப் பூச்சு போட்டு, தன் கையாலேயே திரும்ப மாட்டி, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போக வேண்டுமாம்.

அந்த வாரம்தான் டாக்டர் என்னையும் அவர் அண்ணனையும் தனியே கூப்பிட்டு, அதிக நாள் இல்லை என்றார்.

"அவன்கிட்ட மூச்சு விடாதமா. தெரிஞ்சா அன்னிக்கே மனசு ஒடிஞ்சி போயிடுவான்" என்றார் அண்ணன். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். படுத்திருப்பவரைத் தவிர தெருவுக்கே தெரிந்திருக்கும். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த ஒரு ரவுண்டு அவர் போயே ஆக வேண்டும் என்று எனக்குள் வெறியாகிவிட்டது.

ஆட்டோவில் ஃபிரேமை ஏற்றி, அவரையும் பூச்சுக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்கார பாய் இரண்டு இரும்புத் துண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றில் பெயிண்ட், ஒன்றில் பவுடர் கோட்டிங். இவர் சோப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்து இரண்டையும் தேய்க்க ஆரம்பித்தார். சாயம் போகிறதா என்று பட்டறையில் நூலை அப்படித்தான் சோதிப்பார். பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது பட்டு இல்லபா, இரும்பு! ஆணியால கீறிப் பாரு."

கீறினார். பெயிண்ட் உரிந்து வந்தது. மற்றதில் லேசாக ஒரு கோடு, அவ்வளவுதான்.

"பெயிண்டுன்னா ரெண்டு நாள்ல எடுத்துனு போலாம்" என்றார் பாய். "இது பொடியத் தூவி அடுப்புல வேக வைக்கிறது. வருஷக்கணக்கா அசையாது. கறுப்பு தினமும் ஓடுது. நீ கேக்கற அரக்குக்கு இன்னும் நாலு பேர் சாமான் சேரணும், அப்பதான் அடுப்பு பத்த வெச்சா கட்டுப்படியாவும்."

"பெயிண்டே அடிச்சிடலாங்க. பளபளன்னு இருக்குது" என்றேன்.

"பளபளப்ப வெச்சி நாக்கு வழிக்கவா?" என்றார் இவர்.

"அப்போ கறுப்பாவது போடுங்க."

"உன் கல்யாணப் புடவ கலருடி இது. நானே போட்ட சாயம். கறுப்பாம் கறுப்பு!"

அடப்பாவி மனுஷா, உனக்கு நாள் இல்லையே என்று வாய்வரை வந்தது. எச்சிலோடு விழுங்கினேன். அரக்கு நிறப் பவுடர் கோட்டிங் என்று முடிவாயிற்று.

வாரங்கள் போயின. ஃபிரேம் வரவில்லை, அவர் சோறு இறங்காமல் சுருண்டுகொண்டே வந்தார். பொறுக்க மாட்டாமல் தனியாகப் போய்ப் பாயிடம் உடைத்துச் சொன்னேன். "யா அல்லா, மொதல்லயே சொல்லக் கூடாதாமா" என்றவர், அன்றைக்கே அந்த ஒரு ஃபிரேமுக்காக அடுப்பைப் பற்றவைத்தார்.

ஆட்டோவில் வந்து இறங்கிய ஃபிரேமைக் கட்டிலுக்கு எதிரே சாய்த்து வைத்தோம். கையை நீட்டித் தடவினார். முகமெல்லாம் சிரிப்பு.

"கெட்டிச் சாயம்டி. உடம்பு தேறட்டும், பொறுமையா மாட்டலாம்."

"ஆமாங்க" என்றேன்.

மாட்டவேயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போய்விட்டார்.

காரியம் முடிந்த அன்று அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசி வரிக்கும் அவனுக்குத் தெரியாமக் காப்பாத்திட்டோம்மா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைக் காப்பாற்றினோம்? தெரிந்திருந்தால் கடையிலேயே பெயிண்டைக் காட்டி, "இதயே அடி பாய்" என்றிருப்பார். அந்த வாரமே என்னை ஏற்றிக்கொண்டு திருப்புட்குழிவரைக்கும் போய் வந்திருப்பார். இன்னும் வருஷக்கணக்கில் இருக்கப் போகிறோம் என்று நினைத்த மனுஷன், வருஷக்கணக்கில் நிற்கிற பூச்சைக் கேட்டார். நினைக்க வைத்தது நாங்கள்.