மாமா கெடுக்காத லேப்டாப்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். மனசுல ஒண்ணும் இருக்காது, ஆனா கோவம் வந்தா எதிர்ல நிக்கிறது யாரு, என்னன்னு பார்க்க மாட்டேன். இதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச காலம் ஒண்ணு உண்டு.

மாமான்னா என் மாமனார். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவரு. ஆஸ்பத்திரி, ஆபீஸ், பத்து மாடிக் குடியிருப்புன்னு ஊர்ல பாதி லிஃப்டோட வயித்தைத் திறந்து பார்த்திருப்பாரு. ரிப்பேர் முடிஞ்சா முதல்ல தான் மட்டும் ஏறி மேல போயிட்டுக் கீழ வருவாரு. அப்புறம்தான் மத்தவங்களை ஏறவிடுவாரு. யாராவது பட்டனைப் படபடன்னு தட்டினா அவருக்குப் பத்திக்கிட்டு வரும். "ஒரு தடவை அமுத்துங்க சார், அதுக்குக் காது நல்லாவே கேக்கும்" என்பாரு. வீட்டுல காலிங் பெல்லைக்கூட அவர் ரெண்டாம் தடவை அடிச்சு நான் கேட்டதில்லை.

அவங்க தொழில்ல ஒரு வழக்கம். லிஃப்ட் நின்னுபோச்சுன்னா முதல் கேள்வியே, "கடைசியா கை வெச்சது யாரு?" என்கிறதுதான். வெச்சவன் அந்த நிமிஷமே முன்னாடி வந்து "நான்"னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லணும். தப்பு நிஜமாவே அவனோடதுதானாங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம். ஆள் ஏறி இறங்குற வண்டி, அதுல மழுப்பலுக்கு இடமே கிடையாதுன்னு மாமா சொல்லுவாரு. ஓய்வு பெத்து வந்த பிறகும் வீட்டுல அதே சட்டம்தான். ஒரு டம்ளர் உடைஞ்சிருந்தா, "கடைசியா எடுத்தது நான்தாம்மா" என்று வந்து நிப்பாரு. நான் சிரிப்பேன்.

அப்படி இருந்த மனுஷனுக்கு ஒருநாள் காலையில பல் தேய்க்கும்போது வாய் கோணிக்கிச்சு. மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருக்குன்னாங்க. வலது கை கொஞ்சம் தளர்ந்துபோச்சு. அதைக்கூட சமாளிச்சுட்டோம். பேச்சு சுத்தமாப் போயிடுச்சு. நாம பேசுறது அத்தனையும் புரியும், தான் என்ன சொல்லணும்னும் தெரியும், வார்த்தை மட்டும் வராது. தண்ணிக்கு டம்ளரைக் காட்டுவாரு. டாக்டர் எங்களைத் தனியாக் கூப்பிட்டு, "முதல் ஆறு மாசம்தான் முக்கியம். திரும்பி வர்ற பேச்சுல பெரும்பகுதி அதுக்குள்ள வரணும். பயிற்சியை ஒருநாள்கூட விடாதீங்க"ன்னாரு.

அதுக்குத்தான் பேச்சு டீச்சர். எங்க வீட்டுல அவங்களுக்கு அதுதான் பேரு. இருக்கிறது வேற ஊர்ல, அதனால வாரம் ரெண்டு நாள் லேப்டாப்புல வீடியோவுல வருவாங்க. மீதி நாளுக்கு ஒரு பயிற்சி புரோகிராம் போட்டுக் குடுத்திருந்தாங்க. திரையில கதவு, சாவி, குடைன்னு ஒவ்வொரு படமா வரும், மாமா பேர் சொல்லணும். ரெண்டு மாசத்துல "சா... வி"ன்னு வந்துச்சு. அன்னைக்கு என் வீட்டுக்காரர் சமையலறைக்குள்ள போய் நின்னுக்கிட்டு வெளியே வரவே இல்லை.

அந்த வியாழக்கிழமை நான் ஆபீஸ்ல இருந்து வந்தேன். நான் வேலை பார்க்கிற இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட எனக்கு அன்னைக்கு நல்ல பாட்டு விழுந்திருந்துச்சு, அதே சூட்டோட உள்ள நுழையறேன். மாமா தனியா லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்காரு. திரையில குடைப் படம் அப்படியே உறைஞ்சு நிக்குது. மவுஸ் அசையலை. அணைச்சுப் போட்டா நீலத் திரையில ஏதோ பிழைன்னு வருது. மறுபடி போட்டா அஞ்சு நிமிஷம் ஓடி மறுபடி உறையுது.

"என்ன மாமா பண்ணி வெச்சீங்க? எதை அமுத்தினீங்க? தட்டு தட்டுன்னு தட்டினீங்களா?"

மாமா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாரு. அப்புறம் இடது கையை எடுத்துத் தன் நெஞ்சைத் தொட்டாரு. கடைசியா கை வெச்சது நான்னு சொல்றாரு, அவ்வளவுதான். எனக்கு அது புரிஞ்சிருக்கணும். பதினாலு வருஷம் ஒரே வீட்டுல இருந்தவ நான், எனக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும்? ஆனா நான், சத்தம் கேட்டு வந்து நின்ன என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "பாருங்க, அவரே ஒத்துக்கறாரு"ன்னேன். "இனிமே இதுல கை வெக்காதீங்க மாமா. சரியானதும் நானே சொல்றேன்."

அது சரியாகிறதுக்கு அஞ்சு வாரம் ஆச்சு. என் ஆபீஸ் லேப்டாப்புல வெளி புரோகிராம் எதுவும் போடக்கூடாது. போன்ல முயற்சி பண்ணினோம், அவ்வளவு சின்னத் திரையில டீச்சரோட உதடு எப்படி அசையுதுன்னு மாமாவுக்குத் தெரியலை. "சீக்கிரம் சரி பண்ணுங்கம்மா, நாள் போகுது"ன்னு டீச்சர் சொன்னாங்க. கடையில குடுத்துடலாமான்னு என் வீட்டுக்காரர் ரெண்டு தடவை கேட்டாரு. "இதெல்லாம் எனக்குத் தெரியாதா, நானே பார்க்கிறேன்"னு வீறாப்பாச் சொல்லிட்டு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் துணி மடிச்சுக்கிட்டும் தூங்கிக்கிட்டும் கழிச்சேன்.

சும்மாவாவது இருந்தேனா? போன்ல என் தங்கச்சிகிட்ட, "எங்க மாமா லேப்டாப்பை ஒரு வழி பண்ணிட்டாருடி"ன்னு சொல்லிச் சிரிச்சேன். நாத்தனார்கிட்டயும் சொன்னேன். மாமா அடுத்த அறையிலதான் இருந்தாரு. பேச்சுதான் போச்சு, காது நல்லாவே கேக்கும். அந்த நாட்கள்ல லேப்டாப் மேஜையைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் இடது கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டுப் போவாரு. அதையும் பார்த்தேன். பார்த்துட்டு, பயம் இருக்கட்டும்னு நினைச்சேன். இப்ப எழுதும்போது என் கன்னத்துல நானே அறைஞ்சுக்கலாம் போல இருக்கு.

ஆறாவது ஞாயித்துக்கிழமை காலையில ஒருவழியா உக்காந்தேன். உறையாம இருக்க அவசியமானதை மட்டும் ஓட்டுற முறையில லேப்டாப்பைப் போட்டு, கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறந்து, சிஸ்டம் ஃபைல்களைச் சோதிக்கிற கட்டளையை அடிச்சேன். பல ஃபைல் கெட்டுப்போயிருக்கு, சிலதை சரிபண்ண முடியலைன்னு வந்துச்சு. இன்னொரு கட்டளை இருக்கு, இணையத்துல இருந்து நல்ல பிரதிகளை எடுத்துக்கும். அதைப் போட்டுட்டுக் காத்திருந்தேன். அது இருபது சதவீதத்துல நின்னு நகரமாட்டேங்குது. அந்த நேரத்துல எனக்கு ஒரு அல்ப ஆசை வந்துச்சு. லேப்டாப்புல எந்தெந்த நாள்ல என்னென்ன கோளாறு வந்துச்சுன்னு காட்டுற பக்கம் ஒண்ணு இருக்கு, நாளுக்கு ஒரு கட்டம், கோளாறு வந்த நாள்ல சிவப்புப் பெருக்கல் குறி. மாமா என்னதான் பண்ணினாருன்னு பார்த்துடலாம்னு திறந்தேன்.

அந்த வியாழக்கிழமை கட்டத்துல சிவப்பு. அதுக்கு முந்தின புதன்லயும் சிவப்பு. செவ்வாயிலயும். அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. செவ்வாய்க்கிழமையை அமுத்தினேன். சாயங்காலம் நாலேகால் மணிக்கு ஒரு புரோகிராம் ஏத்தப்பட்டதுன்னு இருந்துச்சு. அதோட பேரை ரெண்டு தடவை படிச்சேன். 'ஒரே கிளிக்கில் உங்கள் கணினியைச் சுத்தமாக்குங்கள்'னு அன்னைக்குத் திரையில ஒரு விளம்பரம் வந்துச்சு, அந்த புரோகிராம்தான். தேவையில்லாத ஃபைல் ஆயிரத்துச் சொச்சம் இருக்கு, அழிக்கவான்னு கேட்டுச்சு. எல்லாத்தையும் அழின்னு சொன்னேன். சொன்னது நான். மாமாவை ஸ்கேனுக்குக் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த சாயங்காலம் அது. வீட்டுல என்னைத் தவிர ஈ, காக்கா கிடையாது.

நின்னுபோன கட்டளை ஒருவழியா ஓடி முடிஞ்சதும் அந்த புரோகிராமைத் தூக்கினேன். சோதனைக் கட்டளையை மறுபடி ஓட்டினேன், எல்லாம் சரியா இருக்குன்னு வந்துச்சு. மூணு மணி நேர வேலைக்கு அஞ்சு வாரம் தின்னுட்டேன். அதுவும் மாமாவோட அஞ்சு வாரம்.

"சரியாயிடுச்சா? அப்பா என்னதான் பண்ணியிருந்தாரு?"ன்னு என் வீட்டுக்காரர் கேட்டாரு.

"சிஸ்டம் ஃபைல் கெட்டிருந்துச்சு"ன்னேன். பொய்யில்லை பாருங்க! எவ்வளவு கெட்டிக்காரி நான். யாருக்கும் தெரியாது, வேலையும் முடிஞ்சுது, இப்ப எதுக்கு அதைக் கிளறணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

மறுநாள் காலையில டீச்சர் வீடியோவுல வந்தாங்க. மாமா நாற்காலிக்குப் பக்கத்துல வந்து நின்னாரு, உக்காரலை. நான்தான் கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன். உக்காந்தும் ரெண்டு கையையும் மடியிலயே வெச்சுக்கிட்டாரு.

"அய்யா, இந்த அஞ்சு வாரத்துல நீங்களாவே ஏதாவது பழகினீங்களா?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

இல்லைன்னு சொல்ல நான் வாயைத் திறந்தேன். மாமா ஆமான்னு தலையாட்டினாரு. திரையைப் பார்க்காம என் பக்கம் திரும்பினாரு. உதட்டைக் குவிச்சாரு, விட்டாரு, மறுபடி குவிச்சாரு. நெத்தியில வேர்த்துக்கிச்சு.

"மன்... மன்னி... மன்னிச்... சிரும்மா."

டீச்சர் படபடன்னு கை தட்டினாங்க. "அய்யோ அய்யா! இவ்வளவு நீள வார்த்தையா? நான் சொல்லிக் குடுக்கவே இல்லையே!"

கதவுகிட்ட நின்ன என் வீட்டுக்காரர், "தினம் குளிக்கப் போனா கண்ணாடி முன்னாடி ஏதோ முனகுவாரு. இதுதானா அது?"ன்னாரு.

"இதை விட்டுடக் கூடாது. பத்து தடவை சொல்லுங்க. அம்மா, நீங்க எதிர்ல உக்காருங்க, உங்க முகத்தைப் பார்த்தே சொல்லட்டும்"ன்னாங்க டீச்சர்.

உக்காந்தேன். வேற என்ன பண்ண? மாமா என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரு. ரெண்டாவது தடவை. மூணாவது தடவை. ஒவ்வொண்ணுக்கும் டீச்சர் கை தட்டுறாங்க. நாலாவது தடவை எனக்குத் தாங்கலை.

"நிறுத்துங்க மாமா. நீங்க கெடுக்கலை. நான்தான் கெடுத்தேன். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒரு புரோகிராமைப் போட்டு நானே கெடுத்துட்டு உங்க தலையில கட்டினேன். திட்டுங்க மாமா என்னை."

மாமா என்னைப் பார்த்தாரு. அப்புறம் கோணின வாயோட சிரிச்சுக்கிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாரு. எனக்காகப் பொய் சொல்லாதேம்மா என்கிற மாதிரி. அவர் நம்பலை. அஞ்சு வாரம் அவ்வளவு நல்லாச் சொல்லி வெச்சிருக்கேன் நான், எப்படி நம்புவாரு?

"சத்தியமா மாமா. தேதியோட இருக்கு, இருங்க காட்டறேன்"னு அழுதுக்கிட்டே லேப்டாப்பைத் திருப்பினேன். மாமா என் கையைப் பிடிச்சு மெதுவாத் தள்ளிவிட்டாரு. தட்டிக் குடுத்தாரு. இது அஞ்சாவதுன்னு விரலை விரிச்சுக் காட்டிட்டு, நிமிர்ந்து உக்காந்து, என் முகத்தைப் பார்த்து, "மன்னிச்சிரும்மா"ன்னாரு. எங்கேயும் திக்கலை.