பவுனுக்குப் பொறுக்கிய வைக்கோல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பெரிய ‘ற’ வரவேண்டிய இடத்தில் சின்ன ‘ர’ போட்டிருப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் பேச எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பவுன் என்று ஒரு பெண் குதிரை இருந்தது. தாத்தா வாங்கி, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக விட்டுப்போனது. அப்பா அதை வண்டியில் பூட்டி ஸ்டேஷனுக்கு ஆள் ஏற்றுவார். பக்கத்து வீட்டுச் சித்தப்பா பண்ணையார் வயலில் கூலி வேலை பார்த்தார். வண்டி ஓட்ட அவருக்கு வராது. ஆனால் அவர் தொட்டால்தான் பவுன் காலைத் தூக்கிக் கொடுக்கும். வேறு யார் காலைத் தொட்டாலும் கடிக்க வரும்.

கழக ஆட்சி வந்த புதிது. எங்கள் பக்கத்தில் கூலி உயர்வு கேட்டு, சம்பா வயலில் களை எடுக்க இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிச் சங்கத்தார் உட்கார்ந்துவிட்டார்கள். சித்தப்பா அதில் முன்வரிசை. அந்தச் சமயத்தில் அப்பா பண்ணையாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு சங்கத்தார் முன்னாலேயே போனார். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஒருவர் கிணற்றடியில் இருந்தால் மற்றவர் குடத்தோடு திரும்பிப் போவார்.

பிறகு கூலி பேசி முடிந்து அறுப்பும் நடந்தது. ஆனால் களை எடுக்காத வயலில் நெல்லுக்குச் சமமாக நீர்முள்ளி வளர்ந்திருந்தது. கணுவுக்குக் கணு ஊசி போல முள் இருக்கும் செடி. அதையும் சேர்த்தே அறுத்துப் போர் போட்டார்கள். அதிலிருந்து பண்ணையார் அப்பாவுக்கு ஒரு வண்டி வைக்கோல் கொடுத்தார்.

மாசியில் பவுனுக்கு முன்கால் முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. வயதாகிவிட்டது, வண்டியில் பூட்டாதீர்கள், காலையும் மாலையும் சூடாக ஒத்தடம் கொடுத்து முட்டியை மெல்ல மடக்கி நீட்டுங்கள் என்றார் மாட்டு டாக்டர். வாய்க்காலில் தண்ணீர் வருவது நின்றுபோன மாதம்; பச்சைப் புல் கிடையாது. வைக்கோலைப் போட்டால் நீர்முள்ளி குத்தி வாயெல்லாம் ரத்தம். இரண்டே நாளில் பவுன் தீனியை முகர்ந்து பார்ப்பதைக்கூட விட்டுவிட்டது.

எப்படியோ தெரிந்துகொண்டு ஒரு தரகர் வந்தார். “படுத்துட்டா அப்புறம் எந்திரிக்காதுங்க. நிக்கும்போதே தள்ளிவிட்ருங்க” என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா தாண்டி வந்தார்.

“இதுல பாதி என்னுது. அது விலைக்கு இல்ல. மத்த பாதிய மட்டும் அவுத்துக்கிட்டுப் போவ முடிஞ்சா போங்க.”

தரகர் போய்விட்டார். சித்தப்பா குனிந்து பவுனின் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். அப்பா எருக்கிலையை வாட்டி, வேப்பெண்ணெய் தடவி, முட்டியில் ஒற்றினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பேச வேண்டியதையெல்லாம் குதிரையிடம் பேசினார்கள்.

“கண்டவங்கள ஏத்திக்கிட்டுத் திரிஞ்சா முட்டி வீங்காம என்ன செய்யும் பவுனு?”

“களை எடுக்க வேண்டியவங்க எடுத்திருந்தா வைக்கோல்ல முள்ளு ஏது? கேட்டுச் சொல்லு பவுனு.”

பவுன் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டியது.

மறுநாள் சித்தப்பா எங்கள் வாசலில் உட்கார்ந்து வைக்கோல் கட்டைப் பிரித்து, நீர்முள்ளியைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். வழியே போன சங்கத்துக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

“என்ன தோழரே, வயல்ல எடுக்க மாட்டேன்னுட்டு இப்ப வைக்கோல்ல எடுக்குறீங்க?”

“இது பண்ணைக்கு இல்லப்பா, குதிரைக்கு.”

“கூலி?”

“பவுனுகிட்ட பேசிக்கிறேன், நீ போ.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் கன்னத்தைச் சொறிந்துகொண்டே வந்து கட்டின் மறுமுனையில் உட்கார்ந்து அவரும் பொறுக்க ஆரம்பித்தார். நானும் பொறுக்கினேன். விரலெல்லாம் முள். பொறுக்கிய வைக்கோலை அம்மா கஞ்சித்தண்ணீர் தெளித்துப் போட்டாள். பவுன் முகர்ந்தது. ஒரு வாய் எடுத்தது. நாங்கள் யாரும் அசையவில்லை. அது மென்று விழுங்கி இன்னொரு வாய் எடுத்தபோது சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பங்குனி முடிவதற்குள் வீக்கம் வற்றிவிட்டது. பவுன் தானாகவே குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீர் குடித்து வந்தது. ஆனாலும் சித்தப்பா காலையும் மாலையும் வேலி தாண்டி வந்தார். அப்பா இலையை வாட்டினார். இப்போது பவுனைக் கேட்காமல் நேராகவே மழை, விதைநெல், என் படிப்பு என்று பேசிக்கொண்டார்கள். பவுன் காலைக் கொடுத்துவிட்டு நின்றபடியே தூங்கியது.

ஒரு நாள் நான் பொறுத்துக்கொள்ள முடியாமல், “வீக்கந்தான் போயிடுச்சேப்பா, இன்னும் எதுக்கு?” என்றேன்.

“ஒனக்கு என்னடா தெரியும்?” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

குதிரையை நல்லபடியாகப் பார்த்துச் சொன்னவனை ஏன் அதட்ட வேண்டும்? அம்மாவிடம் போய் முறையிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, இலை தீரப்போகிறது, இன்னும் நாலு பறித்துக்கொண்டு வா என்றாள். இந்த வீட்டில் யாருக்குமே குதிரை வைத்தியம் தெரியவில்லை என்று முணுமுணுத்தபடி பறிக்கப் போனேன்.

எழுதி முடித்தது, தை மாதம் கரிநாள், மாலை.