டேக் அட்டையில் ஒரு முகம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடிக் காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில் நடந்தது. வேலம்பாளையத்தில் நாங்கள் இருக்கும் லைன் வீட்டில், பக்கத்து வீட்டு அக்கா, தன் கணவரைக் காணோம் என்று வந்து கதவைத் தட்டினார். தெற்கேயிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். பைக் விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு ஞாபகம் தப்பிப்போகும். பேர் கேட்டாலே யோசிப்பார். அக்கா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டார்.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். வாரக்கணக்காகத் தேடாத இடமில்லை. நான் டி-ஷர்ட்டுக்கு டிசைன் போடுகிறவள். அதனால் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைக்க ஒரு போட்டோவோடு என்னிடமே வந்தார் அக்கா. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் எடுத்து, வாட்ஸ்அப்பில் வந்த படம். போனில் பளிச்சென்று இருந்தது. ஆனால் அச்சுக்குத் தாங்காது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடும் வாட்ஸ்அப். திரைக்குப் போதுமான அது அச்சுக்குப் போனால் பல்லிளிக்கும். ஒரிஜினலைக் கேட்டால், எடுத்தவரின் போனே தொலைந்துவிட்டதாம். மற்ற படங்களெல்லாம் விபத்துக்கு முந்தியவை. இப்போதைய முகம் அவற்றில் இல்லை.

ஃப்ளெக்ஸ் கடையில் ஆள் உயரத்துக்கு இழுத்துப் பார்த்தோம். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. புருவத்தில் இருந்த விபத்துத் தழும்பு காணாமலே போனது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியும் என்றார் கடைக்காரர். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு ஆம்பளை தெரிவான், அவர் தெரிய மாட்டார்.

படத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தேன். உள்ளங்கை அளவுக்கும் கீழே வந்ததும் தழும்போடு முகம் தெளிவாக நின்றது. இந்த அளவிலேயே அடிக்கலாம் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சின்னதா அடிச்சா யாரு கண்ணுல படும்? பெருசா வச்சாத்தானே நாலு பேரு பாப்பாவ!"

"பெருசாப் போட்டா அது நம்ம அண்ணனே இல்லீங்க அக்கா."

கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொல்லிவிட்டேன். அக்கா அழுதார். நான் நினைத்தது தப்பாகிப்போனால் என்ன செய்வது என்று எனக்கும் பயம்தான்.

பனியனில் தொங்கவிடும் விலை டேக் எங்கள் யூனிட்டில்தான் அச்சாகிறது. முதலாளியிடம் கேட்டு, அதே அட்டையில் அவர் முகத்தையும் என் போன் நம்பரையும் அடித்தோம். நூல் கோத்து, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வண்டி டிரைவர்களிடம் கொடுத்தோம். ஏறும்போது கை பிடிக்கிற கம்பியிலேயே கட்டிவிட்டார்கள்.

அந்த வாரமே, வெகுதூரத்தில் இருக்கும் கணியூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வருகிற ஒரு பெண் கூப்பிட்டார்.

"ஏனுங்க, புருவத்துல தழும்போட ஒருத்தரு எங்கூரு பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்காருங்க. தாடி மூடிக் கெடக்குது. அட்டையைப் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டுத்தானுங்க கூப்புடறேன். டீ வாங்கிக் குடுத்திருக்கறேன், எங்கியும் போகாமப் பாத்துக்கறேன். சீக்கிரம் வாங்க."

அவரேதான். அவ்வளவு தூரம் எப்படிப் போனாரோ, இன்றுவரை தெரியாது. அக்காவைக் கண்டும் அடையாளம் தெரியாமல் விழித்தார். அக்காவோ ரோடு என்றும் பாராமல் அந்தத் தாடியைப் பிடித்துக்கொண்டு கதறினார். முன்பின் தெரியாத ஒருவருக்காக அன்றைய வேலையையே விட்டுவிட்டு, நாங்கள் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அந்தப் பெண். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் யாராவது கலங்கிப்போய் வந்து நின்றால், என்னால் முடிந்தது இவ்வளவுதானே என்று நான் தயங்குவதில்லை. அந்த இவ்வளவை ஒழுங்காகச் செய்தால் ஒரு மனிதர் வீடு வந்து சேரக்கூடும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.