மாலை போட்டும் குறையாத எடை

அறந்தாங்கிக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில், ரத்தினவேலுக்கு விருந்து வைக்காத உறவினர் இல்லை. குவைத்தில் கிரேன் இயக்கும் அவர், இரண்டாண்டுக்கு ஒருமுறை அறுபது நாள் விடுப்பில் வருவார். இம்முறை நிறுவனம் ஒரு நிபந்தனை விதித்திருந்தது: திரும்பியவுடன் மருத்துவப் பரிசோதனை, இரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டினால் கிரேனில் ஏற முடியாது.

வந்த மறுநாளே மருத்துவர் இளமதி அளந்து பார்த்தார். அழுத்தம் 170/104. எடை தொண்ணூற்றாறு கிலோ.

"உப்பைக் கொறச்சாப் போதுமாம்மா?"

"பத்தாதுங்க. வயித்தைச் சுத்திச் சேந்த கொழுப்புதான் பிரஷரை ஏத்துது, சுகரையும் எல்லைக்குக் கொண்டாந்துருச்சு. ரெண்டையும் தனித்தனியாப் பாக்காதீங்க. ஆறு கிலோ எறக்குங்க. மாத்திரையை விட்றாதீங்க."

ரத்தினவேல் மனைவி பொற்கொடியிடம் மட்டுமே அதைச் சொன்னார். அக்காள் செவந்தியின் மகன் சரவணக்குமாரும் அதே நிறுவனத்தில்தான் வேலை பார்க்கிறான். அக்காளுக்குக் காலையில் தெரிந்த செய்தி மாலைக்குள் குவைத்தை எட்டிவிடும். ஆனால் காரணம் சொல்லாமல் விருந்தை மறுப்பது எப்படி?

பொற்கொடியே வழி சொன்னாள். "பழனிக்கு மாலை போட்டுக்கங்க. கறி, கோழின்னு ஒருத்தரும் வைக்க மாட்டாக."

"சாமி பேரைச் சொல்லிப் பொய்யா?"

"நடந்தே போயிட்டு வந்துருங்க. பொய்யில்லாமப் போயிரும்."

மாலை ஏறியது, கறி நின்றது. ஆனால் அவர்கள் எண்ணிப் பார்க்காதது ஒன்று இருந்தது. மறுநாளே செவந்தி தூக்குவாளியில் நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கலோடு வந்தாள். அடுத்த நாள் பாயசம். அதற்கடுத்த நாள் அப்பம். போதும் என்றால், "சாமிக்குப் படைச்சதை வேணாம்பியா?" என்று மேலும் ஒரு கரண்டி வைப்பாள்.

பதினெட்டாம் நாள் மருத்துவர் தராசைப் பார்த்தார். பிறகு ரத்தினவேலின் கழுத்தைப் பார்த்தார். "மாலை போட்டும் ஒரு கிலோ ஏறியிருக்கே." மாத்திரையால் அழுத்தம் இறங்கியிருந்தது; ஆனால் 152/96-இலேயே நின்றது. எஞ்சியிருந்தவை நாற்பத்திரண்டு நாள்கள்.

ரத்தினவேல் அங்கிருந்து நேரே அக்காள் வீட்டுக்குப் போனார். அவள் நீட்டிய பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"எனக்குப் பிரஷர்க்கா. ஒடம்பைக் கொறைக்கலைன்னா வேலை இல்லை. ஒனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியுமேன்னுதான் மாலை போட்டேன்."

 செவந்தி புளிப்பானைக்குப் பின்னாலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள்.

"நான் மூணு வருசமாப் போடுறேன். ஒங்க மச்சானுக்கே தெரியாது. தெரிஞ்சா அடுப்படிக்கே விட மாட்டாரு."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு நெய்யை ஊத்துன?"

"நீ தின்னாத்தானே தம்பி, மிச்சத்தை நான் திங்க முடியும்."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் விடியற்காலையில் கண்மாய்க் கரையில் இருவரும் நடந்தார்கள். முதல் நாள் பாதியில் உட்கார்ந்த செவந்தி, பத்தாம் நாள் தம்பியை முந்தினாள். தூக்குவாளி வந்துகொண்டுதான் இருந்தது. உள்ளே கீரையும் சுண்டலும். உறவினர் வீடுகளுக்கும் அவளே போய், "அவன் எலையில இனிப்பு வச்சா எனக்குப் பதில் சொல்லணும்" என்று எச்சரித்தாள். செய்தி குவைத்துக்கும் போயிற்று. "எனக்கும் 150 காட்டுது மாமா, நீங்க வந்ததும் சேந்து நடப்போம்" என்றான் சரவணக்குமார்.

மருத்துவரின் சம்மதத்தோடு பழனிக்கு நடந்தே சென்று, ரத்தினவேல் மாலையைக் கழற்றினார்.

ஐம்பத்தெட்டாம் நாள் எடை தொண்ணூற்றொன்று, அழுத்தம் 134/86.

"நல்லா வந்திருக்கீங்க. மாத்திரையும் நடையும் குவைத்துலயும் தொடரணும்" என்றார் இளமதி.

ரத்தினவேல் எழுந்ததும் அந்த நாற்காலியில் செவந்தி உட்கார்ந்தாள். வாசலில் நின்ற கணவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"எனக்கும் பாருங்கம்மா. அவரும் தெரிஞ்சுக்கட்டும்."