பின்னால் யார் என்று கேட்ட ஆளுநர்

அஜ்மானிலிருந்து துபாய்க்குப் போகும் காலை நெரிசலில் பஸ் நகராமல் நின்றிருந்தபோது ஓமானில் எனக்குப் பழக்கமான கலியபெருமாள் அங்கிருந்து அழைத்தார். எப்போதும் "சாப்டீங்களா சார்" என்று தொடங்குகிறவர் அன்று அதைக் கேட்கவில்லை. "ஷேக் போயிட்டாரு சார். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம்" என்றார். சுற்றிலும் டூட்டிக்கு நேரமாகிறது என்று முனகிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இறங்கி எங்காவது நடந்து போய்விட வேண்டும் போலிருந்தது.

ஷேக் ஹமூத் ஓமான் கடற்கரையில் ஒரு சின்ன ஊருக்கு ஆளுநராக இருந்தவர். நான் அவருடைய அலுவலகத்தில் சர்வேயர். அங்கே வேலை பார்த்துவிட்டு இன்று துபாயின் அல் குசைஸிலும் குவைத்தின் ஃபஹாஹீலிலும் சிதறிக் கிடக்கிற நம் ஆட்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுநர் என்றதும் நம்மூர் ராஜ்பவனை நினைத்துக்கொள்ள வேண்டாம். கிணற்றுத் தகராறு முதல் ஒட்டகம் வேலியை உடைத்தது வரை அவரிடம்தான் வரும். காலையில் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுவார். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம்.

மலைக் கிராமத்தில் பிறந்தவர். ஓமானில் பிழைப்பே இல்லாத காலத்தில் குவைத்துக்குப் போய் ஃபஹாஹீலில் காவலாளியாக இருந்திருக்கிறார். இந்தியர்களோடு ஒரே ரூமில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, அவருக்கே உரிய ஓர் இந்தியையும் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பி, அரசாங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, மலை ஊர்களில் துணை ஆளுநராகி, படிப்படியாக மேலே வந்தவர். அடுத்தது தலைநகரில் பெரிய பதவி என்று ஊரே பேசிக்கொண்டது. அவருக்கும் அந்த ஆசை இருந்தது, மறைக்கத் தெரியாது. நான் போட்டுத் தரும் டீயைக் குடித்தபடி, "தலைநகருக்குப் போனால் உன்னையும் கூட்டிப்போவேன், உன் டீயை மட்டும் இங்கேயே விட்டுவிடு" என்பார். சொல்லிக்கொண்டே இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடிப்பார்.

அப்போதுதான் புயல் வந்தது. கலியபெருமாளும் அவரோடு இருந்த நாகப்பட்டினத்துப் பக்கத்து ஆட்களும் கடலோரத் தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தார்கள். சுனாமியில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் அவர்கள். கலியபெருமாளுக்கு அண்ணன் குடும்பமே போயிற்று. புயல் எச்சரிக்கை வந்ததும், யாரும் சொல்லாமலேயே மூட்டை கட்டிக்கொண்டு கடலைவிட்டு உள்ளே போய், மலையடிவாரத்து வாதியில் நின்ற பழைய தகரக் கேபின்களில் புகுந்துகொண்டார்கள். வாதி என்றால் காய்ந்த ஆற்றுப்படுகை. வருஷக்கணக்கில் வெறும் கல்லும் முள்மரமுமாகக் கிடக்கும். கடலுக்குப் பயந்தவனுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்றுதான் எனக்கும் தோன்றியது.

அவர்கள் வாதியில் இருக்கிறார்கள் என்று கேட்டதும் ஷேக் பாதிக் கோப்பை டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மழை தூறத் தொடங்கியிருந்த மத்தியானம். வாதிக்குப் போனோம். கடலைப் பார்த்த பாறை மேட்டில் புதிதாகக் கட்டிய விருந்தினர் மண்டபம் இருந்தது. எல்லோரையும் அங்கே ஏற்றச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. கலியபெருமாள்தான் என்னிடம் சொன்னார்: "நாங்க கடல பாத்தவங்க சார். செத்தாலும் இங்கயே சாவுறோம், அது மொகத்துல கொண்டுபோயி எங்கள நிறுத்தாதீங்க."

கூட வந்த போலீஸ்காரர்கள் அடித்து ஏற்றிவிடலாம் என்றார்கள். ஷேக் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வெள்ளை அங்கியோடு ஈரக் கல்லில் உட்கார்ந்தார். தன் ஃபஹாஹீல் இந்தியில் பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

"கடலைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். மலையைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்புங்கள். இந்த ஊரில் தண்ணீர் பின்னாலிருந்துதான் வரும்."

கலியபெருமாள் மலையைத் திரும்பிப் பார்த்தார். மேலே கறுத்துக் கிடந்தது. தன் மனைவி மக்களையும் அந்த மண்டபத்துக்குத்தான் அனுப்பியிருப்பதாக ஷேக் சொன்னார். அதன்பிறகுதான் கலியபெருமாள் மூட்டையைத் தூக்கினார். அவர் பின்னால் மற்றவர்களும் எழுந்தார்கள்.

மண்டப வாசலில் ஷேக் நனைந்துகொண்டே நின்றார். வந்து இறங்கிய ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: "பீச்சே கோன்?" பின்னால் யார்? யாரும் இல்லை, யாரும் இல்லை என்றே சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்குச் சலிப்பாகக்கூட இருந்தது. கடைசி வண்டியில் வந்த ஒருவர்தான் தயங்கி, சமையல்காரருக்குக் காய்ச்சல், எந்த வண்டியில் ஏறினார் என்று தெரியவில்லை என்றார். அவர் எந்த வண்டியிலும் ஏறியிருக்கவில்லை. ஷேக்கே டிரைவரை அழைத்துக்கொண்டு திரும்பிப் போய், கேபினில் போர்த்திப் படுத்திருந்தவரைத் தூக்கி வந்தார். அவர்கள் மேடேறிச் சற்று நேரத்தில் வாதியில் வெள்ளம் வந்தது. தண்ணீர் என்று சொல்ல முடியாது. மலையே கரைந்து வந்த மாதிரி இருந்தது. கேபின்கள் தீப்பெட்டிகளாக உருண்டன. மண்டபத்துத் தாழ்வாரத்தில் நின்று எல்லோரும் பார்த்தோம். கலியபெருமாள் ஷேக்கின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டவர் வெகுநேரம் விடவில்லை.

அந்த மண்டபம் தலைநகரிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்து தங்குவதற்காகக் கட்டியது. திறப்புவிழாகூட ஆகவில்லை. கம்பளத்தில் சேறு, அதன்மேல் சோற்றுப் பானை. மேலே புகார் போயிற்று. தலைநகர்ப் பதவி வேறொருவருக்குக் கிடைத்தது. ஷேக்கை ஒரு மலை ஊருக்கு மாற்றினார்கள். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. அவரோ, "கம்பளத்தைத் துவைத்துவிடலாம், கலாஸ், அவ்வளவுதான்" என்று முடித்துக்கொண்டார். ஆனால் புறப்படும் அன்று காரில் ஏறுமுன் அந்த மண்டபத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வலித்திருக்கிறது.

பிறகு நானும் துபாய்க்கு வந்துவிட்டேன். மாதுளை பழுக்கும் காலத்தில் மலைக்கு வா என்று போனில் கூப்பிடுவார். ஒருமுறை போனேன். பழத்தை உரித்து என் கையில் கொட்டிவிட்டு, டீ போடச் சொன்னார். அதுதான் கடைசி. அந்தக் குரலில் என் டீயை ஒருவர் குறை சொல்ல மாட்டாரா என்று இப்போது மனம் கிடந்து தவிக்கிறது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்விதான். அல் குசைஸில் வேலை முடிந்து பஸ் கிளம்பும்போது நான் கடைசியாகத்தான் ஏறுவேன். ஏறுமுன் பின்னால் யார் என்று கேட்பேன். பையன்கள் சிரிப்பார்கள். செய்தி வந்த அன்று சாயங்காலமும் கேட்டேன்.

"பின்னாடி யாரும் இல்ல சார்" என்றார்கள். அந்தப் பதிலைக் கேட்டு ஒரு நாளும் நான் அழுததில்லை. அன்று அழுதேன்.